பட்டியலில் இருக்கும் பெயர்

2020 ஏப்ரலில் ஒரு நாள் மத்தியானம் அம்மாவின் பட்டன் ஃபோனுக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கணக்கில் 2,000 ரூபாய் வரவு. ஊரடங்கு அறிவிப்பதற்கு முந்தைய நாள் சென்னையிலிருந்து அடித்துப்பிடித்துக் காரைக்கால் வந்து சேர்ந்திருந்த நான்தான் அதைப் படித்துச் சொன்னேன்.

"எந்தப் பணம்டா இது?" என்றாள்.

விவசாயிகளுக்கு டெல்லியிலிருந்து போடுகிற பணம் என்றேன்.

"நாம எங்கடா வெவசாயம் பண்றோம்?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் சட்டப்படி சரியானது. நெடுங்காடு பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு மா நிலம் இருக்கிறது, ஏறக்குறைய நான்கு ஏக்கர். அப்பா காலமான பிறகு பட்டா அம்மா பேருக்கு மாறியது. அவளுக்கு ஓய்வூதியம் கிடையாது, வருமான வரி கிடையாது. பிஎம் கிசான் விதிகளின்படி அவள் நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். 2019இல் அந்தப் படிவத்தை நிரப்பி, ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் பின் அடித்துக் கொடுத்தவன் நான். ஒரு எழுத்துகூட அதில் பொய் இல்லை.

ஆனால் அந்த நிலத்தில் நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரைக்கும் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஒரே குடும்பம்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறது. முதலில் தகப்பனார், இப்போது மகன். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தை கடைசியில் மாவுக்கு இவ்வளவு மூட்டை என்று கணக்குப் பார்த்து நெல்லாகவோ பணமாகவோ கொண்டுவந்து கொடுத்துவிடுவார். இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் சம்பா அறுத்த வயலில் பாதிக்குப் பருத்தி போட்டிருந்தார். மீதியில் உளுந்து. உளுந்தைப் பிடுங்கி அடித்து வைத்தாயிற்று, வாங்க வியாபாரி வரவில்லை. பருத்திக்கு மருந்து வாங்கக் கடை திறந்திருக்கும் நேரம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. குறுஞ்செய்தி வந்த நாலைந்து நாளில் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வேறு ஏதோ பேசிவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார்: "ஆச்சி பேரு லிஸ்ட்ல இருக்குன்னு பையன் ஃபோன்ல காட்டுனான் தம்பி."

ஆமாம், பட்டியல் இருக்கிறது. பிஎம் கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் கடைசியில் உங்கள் கிராமத்தில் பணம் வாங்குகிறவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அண்ணன் போன பிறகு நானும் பார்த்தேன். ஊரை விட்டுப் போய் இருபது வருஷமானவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. வருஷா வருஷம் சேற்றில் இறங்குகிறவர்கள் என்று எனக்குத் தெரிந்த பல பெயர்கள் இல்லை.

அம்மா அன்று சாயங்காலமே 2,000 ரூபாயை என்னிடம் எடுத்துக் கொடுத்து, அவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். சைக்கிளில் போனேன். வாங்க மறுத்துவிட்டார். கோபமில்லை, வருத்தமில்லை, விலை பேசுகிற குரலில் சொன்னார்: "நீங்க குடுத்தா அது ஒங்க பணம் தம்பி. கவர்மெண்டு எம்பேர்ல குடுத்தாத்தான் எனக்கு வெவசாயின்னு பேரு."

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைச் சுற்றித்தான்.

*

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்ற பெயரில் 'சம்மான்' என்றால் கௌரவம். 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கு என்று இருந்தது, அந்த வருஷமே நிலமுள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்று விரிந்தது. வருமான வரி கட்டுகிறவர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், மருத்துவர், வழக்கறிஞர் போன்ற தொழில் செய்கிறவர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லாம் விலக்கு. கோயில் நிலம் போல நிறுவனங்களிடம் இருக்கும் நிலமும் விலக்கு. காரைக்காலில் கோயில் நிலத்தை உழுகிறவர்கள் எவ்வளவு பேர் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

கொரோனா வந்ததும், 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த 1.70 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பில் இதுவும் சேர்ந்தது. 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே 2,000 ரூபாய் என்றார்கள். எப்படியும் வரவேண்டிய தவணையை முன்னால் எடுத்துக் கொடுத்துவிட்டு நிவாரணம் என்று பெயர் வைத்தார்கள் என்று அப்போதே பலர் சொன்னார்கள். சரியான விமர்சனம்தான். ஆனாலும் சந்தை மூடிக் கிடந்த நேரத்தில் கையில் வந்த 2,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. அண்ணனின் உளுந்துக்கு அந்த மதிப்புகூட இல்லை.

பொதுப் பணத்தை வாங்குகிறவர்களின் பெயரைப் பொதுவில் வைக்க வேண்டுமா? இதற்கு என்னிடம் ஒரு தயார் பதில் இருந்தது. வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தை, 2005இல் அது வந்ததிலிருந்தே, ஒரு பக்தனைப் போலப் பேசிவந்தவன் நான். அதன் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்களில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, யார் பயன்பெற்றார்கள் என்பதை யாரும் கேட்காமலே அரசு தானாக வெளியிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் டெல்லியில் வானத்திலிருந்து விழவில்லை. 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் அருணா ராயும் நிகில் தேயும் சங்கர் சிங்கும் சேர்ந்து கட்டிய மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன், கூலி கொடுத்ததாக எழுதப்பட்டிருந்த வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் வைத்து உரக்கப் படித்தது. ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க, செத்தவன் பெயர், ஊரிலேயே இல்லாதவன் பெயர், வேலைக்கே போகாதவன் பெயர் என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. எங்கள் பணம், எங்களுக்குக் கணக்கு சொல் என்ற கோஷம் அங்கிருந்து கிளம்பியதுதான்.

நம்மூரில் இதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்வது வழக்கம். குடவோலை முறை, சோழர் ஜனநாயகம் என்று மேடைதோறும் பேசி அதைத் தேய்த்துவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ராஜஸ்தானின் பதிவேடு, உத்திரமேரூரின் கல் இரண்டிலும் கணக்குக் கேட்கப்பட்டது பணத்தைக் கையில் வைத்திருந்தவனிடம். கூலிக்காரனின் பெயர் உரக்கப் படிக்கப்பட்டதும் கூலி போட்டவனைப் பிடிக்கத்தான். இதை அப்போது நான் கவனிக்கவில்லை.

*

மறுபக்கம் இருக்கிறவர்கள் சொல்வதும் லேசானதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் விவசாய மானியம் வாங்குகிற ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் தொகையும் இணையத்தில் வெளியாகிவந்தது. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தைச் சேர்ந்த விவசாயிகள் சிலர் வழக்குப் போட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பர் 9 அன்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெளிப்படைத்தன்மை வேண்டியதுதான், ஆனால் எவ்வளவு தொகை, எத்தனை காலம் என்று எந்த வேறுபாடும் பார்க்காமல் தனிமனிதர்கள் எல்லோருடைய பெயரையும் ஒன்றாக வெளியில் வைப்பது தேவைக்கு மீறியது என்றது. பிறகு சட்டத்தைத் திருத்தி, மிகச் சிறிய தொகை வாங்குகிறவர்களை விட்டுவிட்டு மற்றவர்களின் பெயரை மறுபடி வெளியிட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் இதே கொரோனா வருஷத்தில் விவசாயிகளுக்கு நேரடியாக 1,600 கோடி டாலர் என்று அறிவித்தபோது அங்கே நடந்த சண்டையும், பெரும் பண்ணைகள் எவ்வளவு எடுத்துக்கொண்டன என்பதைப் பற்றித்தான்.

அங்கே பட்டியல் கேட்கிறவன் பெரிய பண்ணையை நோக்கி விரல் நீட்டுகிறான். நம்முடைய பட்டியலில் எல்லோருக்கும் ஒரே 2,000. ஒரு மா வைத்திருப்பவருக்கும் அதே, இரண்டு வேலி வைத்திருப்பவருக்கும் அதே. பெரியவனைக் காட்டிக்கொடுக்க அதில் எந்த இலக்கமும் இல்லை. சின்னவனுக்கு மட்டும் அது வேறு விதமாக வேலை செய்யும். பணம் வந்த நாள் ஊருக்கே தெரியும். வட்டிக்காரனுக்குத் தெரியும், உரக்கடைக்காரருக்குத் தெரியும். "இன்னிக்கு ஒனக்குத் தவண வந்துருக்குமே" என்று கேட்கிற உரிமை எல்லோருக்கும் வந்துவிடுகிறது. 2017இல் பெங்களூர் ஆய்வு அமைப்பு ஒன்று, அரசு நலத்திட்டங்களின் நான்கு தளங்களில் மட்டும் 13 கோடிப் பேர் அளவுக்கு ஆதார் எண்கள் வெளியில் கிடந்ததைக் காட்டியது. முதியோர் ஓய்வூதியம், நூறு நாள் வேலை. எல்லாம் ஏழைகளின் எண்கள். வங்கியில் கோடிக்கணக்கில் கடன் வாங்கிவிட்டுத் தள்ளுபடி பெற்றவர்களின் பெயரைக் கேட்டால் ரகசியம் என்றார்கள்.

இப்போது சட்டமும் மாறிவிட்டது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைச் சுருக்கித் திருத்தியது. முன்பு, நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்று ஒரு வரி அங்கே இருந்தது. அது போய்விட்டது. தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம், அவ்வளவுதான். ஏழையின் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்தத் திருத்தம் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரும் தனிநபர் தகவல்தான் என்று சொல்ல இனி ஒரு வசதி வந்திருக்கிறது.

*

2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் நடந்தது இந்த விவாதத்தையே எனக்குக் கலைத்துப்போட்டது. எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. காரைக்கால்காரர்களுக்கு எல்லா அரசுச் செய்தியும் இரட்டையாகத்தான் வரும். ஒரு வயலில் நிற்பவனுக்கு ஒரு திட்டம், வாய்க்காலுக்கு அப்பால் நிற்பவனுக்கு வேறு திட்டம். ஆனால் பிஎம் கிசான் இரண்டுக்கும் பொது.

விவசாயி தானே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு வழி திறந்திருந்தது. அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேளாண் துறை அலுவலர்களுக்குத் தனி நுழைவுச் சொல் இருந்தது. அந்த நுழைவுச் சொற்கள் ஒப்பந்த ஊழியர்கள் வழியாகத் தனியார் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று 13 மாவட்டங்களில் பெயர்கள் மளமளவென்று ஏறின. எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாகக் குதித்த பிறகுதான் மேலே இருப்பவர்கள் பார்த்தார்கள். தகுதியில்லாதவர்கள் 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய்க்கு மேல் என்று வேளாண் துறைச் செயலராக இருந்த ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் அறிவித்தார். 80 பேர் பணிநீக்கம், 18 பேர் கைது என்பது அன்றைய நிலவரம். சிபிசிஐடி விசாரணைக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது, பட்டியல் அப்போதும் இணையத்தில் இருந்தது. யாரும் பூட்டி வைக்கவில்லை. திறந்து வைத்த பட்டியலில்தான் லட்சக்கணக்கில் பெயர்கள் ஏறின. ராஜஸ்தானில் பதிவேட்டை ஊர் நடுவில் படித்தார்கள். இங்கே ஆளாளுக்கு ஃபோனில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். நானும் அதைத்தான் செய்தேன். பட்டியல் திறந்திருப்பதும் அதை ஊர் படிப்பதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதைவிட என்னை உறுத்தியது யார் அந்தத் 'தகுதியில்லாதவர்கள்' என்பது. அவர்களில் ஏராளமானவர்கள் நிலமில்லாதவர்கள். கொரோனா நிதி வருகிறது என்று சொல்லித் தரகர்கள் ஆதாரும் வங்கிப் புத்தகமும் வாங்கிக்கொண்டு போனதாகப் பத்திரிகைகளில் வந்தது. ஊரடங்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அரசு தங்களுக்கும் ஏதோ கொடுக்கிறது என்பதை நம்பக் காரணம் இருந்தது. பிறகு பணம் திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் கணக்கில் கை வைத்து, வந்த வழியே எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் அவர்கள் 'போலி விவசாயிகள்'.

போலி விவசாயி! அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, அறுத்து, கட்டுத் தூக்கிய ஒரு பெண் போலி விவசாயி. சென்னையில் வளர்ந்த மகன் நிரப்பிய படிவத்தில், வயலைப் பார்த்து ஐந்து வருஷமான என் அம்மா அசல் விவசாயி. ஊழல் நடந்தது, பணம் தின்றவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டியதுதான். இதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் சட்டத்தை மீறிய அந்தப் பட்டியலில் உழைக்கிறவர்களின் பெயர் இருந்தது, சட்டப்படியான பட்டியலில் இல்லை என்பதை எப்படி விழுங்குவது?

அகில இந்திய அளவிலும் ஒரு கணக்கு வந்தது. தகவல் உரிமை ஆர்வலர் வெங்கடேஷ் நாயக் கேட்டு வாங்கிய பதிலில், 20.48 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது தெரிந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள். 2021 ஜனவரியில் இது செய்தியானது. இணையத்தில் விரிந்து கிடந்த பெயர்ப் பட்டியல் சொல்லாததை, ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் கேட்ட ஒரு கேள்வி வெளியில் கொண்டுவந்தது.

*

காரைக்காலில் பிறந்தவனுக்குக் கணக்கு என்றதும் மாம்பழம் ஞாபகம் வராமல் இருக்காது. பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய மாம்பழம் இரண்டு. பசியோடு வந்த அடியாருக்கு ஒன்றைப் படைத்துவிட்டாள் புனிதவதி. மத்தியானம் புருஷன் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று எங்கே என்கிறான். அவள் வேண்ட, கையில் வந்து விழுகிறது ஒரு பழம். அதன் ருசி வேறு. இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். அவள் உள்ளதைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். காட்டுகிறாள். அவன் பயந்துபோய்க் கப்பலேறிவிடுகிறான்.

சின்ன வயதில் எனக்குப் பரமதத்தன் மேல் கோபம்தான். இப்போது அவ்வளவு இல்லை. அவன் கேட்ட கேள்வி நியாயமானது. வீட்டுப் பொருள் இருவருக்கும் பொது, எங்கே போனது, எங்கிருந்து வந்தது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. கதையில் எனக்குப் பிடித்தது வேறு. பழத்தைத் தின்ற அடியாரின் பெயர் கதையில் இல்லை. அவர் யார், எந்த ஊர், உண்மையிலேயே பசியா, இதற்கு முன் எத்தனை வீட்டில் தின்றார் என்று பரமதத்தனும் கேட்கவில்லை. சேக்கிழாரும் எழுதவில்லை. கேள்வி முழுக்கப் பண்டத்தைக் கையில் வைத்திருந்தவளிடம். இன்னொன்றும் உண்டு. கணக்கு முழுசாக, சாட்சியோடு வந்து சேர்ந்தபோது, கேட்டவனால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். யார் பிடித்தார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கொரோனாவில் குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று புதுச்சேரி அரசும் தமிழக அரசும் கொடுத்த பணத்தில் முறைகேட்டுப் புகார் எனக்குத் தெரிந்து பெரிதாக வரவில்லை. அட்டை இருந்தால் பணம். யார் அசல், யார் போலி என்று பிரிக்கப் போகும்போதுதான் பட்டியல் வேண்டும், பட்டியலுக்கு ஒரு நுழைவுச் சொல் வேண்டும், நுழைவுச் சொல்லுக்கு ஒரு தரகர் வந்துவிடுவார். அப்படியானால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்றால், ஆபத்துக் காலத்தில் கொடுக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அண்ணன் கேட்டது பணமில்லையே. பிரித்து எடுத்து, இவன் விவசாயி என்று எழுதுகிற அந்த எழுத்தைத்தான் அவர் கேட்டார். அதற்குப் பட்டியல் வேண்டும்.

*

அந்த எழுத்து ஏன் அவருக்கு இல்லை?

இந்தக் கேள்வியை நான் முதலில் திட்டத்திடம் கேட்டேன். ஒடிசாவின் காலியா திட்டம் பங்குச் சாகுபடி செய்கிறவர்களையும் நிலமற்றவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திராவின் ரைத்து பரோசா, குறிப்பிட்ட சில பிரிவுகளைச் சேர்ந்த குத்தகை விவசாயிகளுக்கும் கொடுத்தது. அதற்காக 2019இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். நிலத்தின் உரிமை மாறாது, 11 மாத ஒப்பந்தம், பயிர்க்கடனும் நிவாரணமும் காப்பீடும் உழுகிறவருக்கு. டெல்லிக்கு மட்டும் ஏன் இது தோன்றவில்லை என்று நண்பர்களிடம் காட்டமாகப் பேசினேன்.

ஆந்திராவிலும் விஷயம் ஒரு இடத்தில் வந்து நின்றது. ஒப்பந்தத்தில் நிலக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பலர் போடவில்லை. அதைப் படித்த அன்று காட்டமாகப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் நிலத்துக்கும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அண்ணனின் தகப்பனார் காலத்திலிருந்து எல்லாம் வாய்ப் பேச்சு. "எழுதிக் குடுத்தா நெலம் போயிடும்" என்று அப்பா சொல்வார். டெல்டாவில் நிலம் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் இந்த வாக்கியம் உண்டு. குத்தகைதாரரைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1955இலேயே சட்டம் வந்தது, குத்தகையைப் பதிவு செய்ய 1969இல் இன்னொன்று. புதுச்சேரிக்கும் தனியாக உண்டு. பாதுகாக்க வந்த சட்டத்துக்குப் பயந்து நிலக்காரர்கள் குத்தகையையே காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ரசீது கொடுப்பதில்லை. சில வீடுகளில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வயலை மாற்றிவிடுவார்கள். அப்பா அதைச் செய்யவில்லை, அதை ஒரு பெருந்தன்மையாகவே வீட்டில் சொல்லிக்கொள்வோம்.

ஆக, அரசு வெளியிட்ட பட்டியல் கண்ணாடி மாதிரி சுத்தம். அதன் கீழே ஒரு ஒளிப்பு இருக்கிறது, அதைச் செய்தது அரசு அல்ல. நாங்கள். வேளாண் அலுவலர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், தகவல் உரிமைச் சட்டம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், எங்கள் வீட்டுத் திண்ணையில் பேசி முடித்துக்கொண்ட ஒரு விஷயத்தை அது எடுத்துக் காட்ட முடியாது. வெள்ள நிவாரணம் வந்தால் அதுவும் பட்டாவின் பின்னால் போகும். வங்கியில் பயிர்க்கடன் கேட்டாலும் பட்டா. சாகுபடி சர்டிபிகேட் வாங்கலாமே என்பார்கள். அதற்கும் நிலக்காரர் தலையசைக்க வேண்டும்.

காவிரியில் எங்கள் காரைக்காலுக்கு 7 டிஎம்சி. 2007இல் நடுவர் மன்றம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே வைத்தது. கடைமடைக்காரன் என்பதால் அந்த ஏழும் வந்ததா என்று ஒவ்வொரு வருஷமும் கேட்கிறோம். மேலே இருப்பவன் அளந்து காட்ட வேண்டும் என்கிறோம். நானும் அந்தக் கூட்டங்களில் நின்றிருக்கிறேன். தண்ணீர் கணக்கில் நான் கடைமடை. குத்தகைக் கணக்கில் மேட்டூர் மதகு என் வீட்டில் இருக்கிறது.

வாங்குகிறவரின் பெயரை வெளியிடலாமா என்று கேட்டால் இப்போது என் பதில் இப்படிப் போகும். வெளியிடலாம், ஊருக்குள் வெளியிடலாம், உரக்கப் படிக்கலாம். அதற்கு முன்னால், ஒப்புதல் கொடுத்தவர் பெயர் அதே வரியில் இருக்க வேண்டும். விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் காரணமும் இருக்க வேண்டும். அப்புறம், அந்தச் சர்வே எண்ணில் உழுகிறவர் யார் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர் பட்டாதாரர். காலியாக விட்டால், காலியாக விட்டார் என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும். அந்தரங்கம் என்று அப்போது முதலில் கத்தப்போவது 2,000 ரூபாய் வாங்குகிற ஏழையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

*

போன தை மாதம் நெல் கணக்குப் பார்க்க அண்ணன் வந்தபோது, கையில் ஒரு ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தேன். ஆந்திரா மாதிரியே 11 மாதம். அம்மாவிடம் ஏற்கனவே பேசியிருந்தேன். "எனக்கென்னடா, எழுதிக் குடு" என்றாள். தம்பிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, "நெலத்துல எனக்கும் பங்கு இருக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ எழுதற கட்டுரை வந்து மீட்டுக் குடுக்குமா?" என்றான். அவன் கேட்டதும் பரமதத்தன் கேள்வி மாதிரி நியாயமாகத்தான் இருந்தது.

அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"வேணாம் தம்பி. இதால ஒங்களுக்குள்ள சண்ட வந்து நெலத்த வித்துட்டீங்கன்னா, நான் எந்த வயல்ல போயி நிப்பேன்?"

மூட்டைக் கணக்கைச் சொல்லி, பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

தவணை இன்னும் வருகிறது. 2022இல் கைரேகை வைத்துப் பதிவைப் புதுப்பிக்கச் சொன்னபோது அம்மாவை சென்டருக்குக் கூட்டிப்போனதும் நான்தான். நாலு மாதத்துக்கு ஒருமுறை குறுஞ்செய்தி வரும். அந்தப் பணத்தை அவள் எடுப்பதில்லை, கணக்கிலேயே கிடக்கிறது. எந்தப் பணம்டா இது என்று இப்போது அவள் கேட்பதில்லை.